காப்பிக்கு என்ன?

எங்கள் கல்லூரி முதல்வர் இங்கிலாந்தில் மூன்று வாரம் தங்கிவிட்டு வந்ததன் விளைவாக நான் திருநெல்வேலிச் சீமைக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் கடைசி வருடத்தில் ஒரு மாதம், பிடித்த ஊருக்குப் போய், பிடித்த மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டு வருவார்களாம். அதற்கு எலெக்டிவ் என்று பெயராம். நம் ஊரில் இதற்கு மட்டம் போடுவது என்று பெயர். முதல்வர் அந்த மட்டத்துக்குக் கௌரவம் கொடுத்து, "உலகத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று எங்களை அவிழ்த்துவிட்டார்.

வசதி உள்ளவர்கள் உலகத்தைப் பார்க்கக் கிளம்பினார்கள். ஒருத்தி சிங்கப்பூர், ஒருவன் எடின்பரோ, இன்னொருவன் மாமா இருக்கிற நியூஜெர்சி. என் அப்பா ரயில்வே. அவருடைய பாஸ் எதுவரை செல்லுமோ அதுவரைதான் என் உலகம். வடக்கே போனால் இந்தி வேண்டும், ஆகவே தெற்கு. "தமிழ்நாடுதானேம்மா, பாஷைப் பிரச்சினை கிடையாது" என்றார். பெரம்பூர் பணிமனையை விட்டு வெளியே வராத மனிதர், பாவம்.

மருத்துவமனை ஆழ்வார்திருநகரிக்கும் திருச்செந்தூருக்கும் நடுவில், ஆற்றங்கரையில் இருந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். நல்ல மனிதர்கள், என் எழுத்தால் அவர்களுக்குக் கெட்ட பெயர் எதற்கு? ஜங்ஷனில் ஏறின பஸ் வாழைத் தோட்டங்களுக்கு நடுவே உருண்டு உருண்டு போய், ஒருவழியாக என் ஊர் வந்தது. நடத்துநர் என்னைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "பைய எறங்குங்க, பைய எறங்குங்க!"

என் மெட்ராஸ் காதில் அது "பையை இறக்குங்க" என்று விழுந்தது. உத்தரவுப்படி பெரிய பையைத் தூக்கிச் சாலையோரம் வைத்தேன். அடுத்த உத்தரவு வரட்டும் என்று படியேறி நின்றுகொண்டேன். அவர் விசில் கொடுத்தார். பஸ் கிளம்பிவிட்டது.

"ஏ, நிப்பாட்டுங்க வே! அந்தப் புள்ள பைய மட்டும் எறக்கிட்டு இங்கன நிக்கி!" என்று பின் இருக்கை அண்ணாச்சி ஒருவர் கத்தினார். "நான் பையத்தான எறங்கச் சொன்னேன்" என்றார் நடத்துநர். "அதைத்தானே செய்தேன்" என்றேன் நான். இரண்டு பேருமே சத்தியத்தைத்தான் சொன்னோம். பக்கத்தில் இருந்த அம்மாள், "பையன்னா மெதுவான்னு அர்த்தம் தாயி. எந்த ஊரு?" என்றார். மெட்ராஸ் என்றேன். "அதான பாத்தேன்" என்று பஸ் முழுக்கச் சமாதானமாகிவிட்டது.

நான் இறங்கித் திரும்பி நடப்பதற்குள், ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டியில் என் பையே என்னைத் தேடிக்கொண்டு வந்தது. ஓட்டி வந்தவருக்கு முப்பது வயது இருக்கும், சாரம் என்று அங்கே சொல்கிற லுங்கி கட்டியிருந்தார். "பைய அனாதையா உட்டுட்டுப் போறியளே" என்று சிரித்துக்கொண்டே அதைத் தூக்கிக் கீழே வைத்தவர், சட்டென்று முகம் சுளித்து அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டார். என்ன ஆயிற்று என்று பதறினேன். "ஒண்ணுமில்ல. குடல் எறக்கம். கனம் தூக்குனா புடைச்சுக்கிடும், கையால தள்ளி உட்ருவேன். நீங்க ஆஸ்பத்திரிக்கா? நானும் நாளைக்கு அங்கதான் வாரேன்." எனக்குக் கிடைத்த முதல் நோயாளி என் பையைத் தூக்கியே நோயைக் காட்டினார். எடின்பரோவில் இந்த வசதி உண்டா, சொல்லுங்கள்.

அவர் பெயர் மைதீன். ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தார். சவூதியில் தமாம் என்ற ஊரில் ஏசி மெக்கானிக் வேலை, விசா வந்துவிட்டது. மெட்ராஸில் நடந்த மருத்துவப் பரிசோதனையில்தான் குடலிறக்கம் என்று தள்ளிவிட்டார்கள். மாதக் கடைசியில் இன்னொரு தடவை போய்க் காட்டலாம். அதிலும் தேறாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆளை அனுப்பிவிடுவார்கள். மருத்துவமனையின் ஒரே அறுவை மருத்துவரான பெரிய டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, "நாளைக்கே கீறித் தச்சிருவேன் வே. ஆனா பச்சைத் தையலோட போனா அவன் உன்ன எடுக்க மாட்டான். கொஞ்சம் பொறு, லண்டன் டாக்டர் வாராரு" என்றார்.

லண்டன் டாக்டர் வருடத்துக்கு ஒருமுறை தாய்நாட்டுக்குத் தொண்டு செய்ய வருகிறவர். தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவர். வயிற்றில் மூன்று ஓட்டை போட்டு, குழாயை விட்டு, டிவியில் பார்த்தபடியே குடலிறக்கத்தைச் சரிசெய்வாராம். ஒரு வாரத்தில் வேலைக்கே போகலாமாம், தழும்பும் தெரியாதாம். மைதீன் அவர் வரவை மழைக்குக் காத்திருக்கும் விவசாயிபோலக் காத்திருந்தார். தினமும் சைக்கிள் கடையைப் பூட்டிவிட்டு வந்து, "டிவி டாக்டர் தேதி சொல்லிட்டாவளா டாக்டரம்மா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

எனக்குத் தங்க இடம் கொடுத்தது மருத்துவமனைக் கணக்கர் வீடு. அவர் மனைவி கோமதி அக்கா. முதல் நாள் காலை நான் கிளம்பும்போது, "காப்பி குடிச்சிட்டுப் போ" என்றார். எனக்குக் காப்பிப் பழக்கம் இல்லை, வேண்டாம் அக்கா என்றேன். "ஒரு வாய் குடி." "இல்லக்கா, குடிக்க மாட்டேன்." அவ்வளவுதான், பட்டினியாகப் போனேன். மறுநாளும் அதே கேள்வி, அதே பதில், அதே பட்டினி. மூன்றாம் நாள் மத்தியானச் சோற்றில் நான் பாய்ந்ததைப் பார்த்து அவரே மிரண்டுவிட்டார். திருநெல்வேலிக்காரர்கள் காலையில் ஒன்றும் தின்னமாட்டார்கள்போல, சைவப் பிள்ளைமார் கட்டுப்பாடாக இருக்கும் என்று நானே ஒரு ஆராய்ச்சி முடிவுக்கு வந்திருந்தேன்.

அந்த ஆராய்ச்சியை உடைத்தவள் ஹெலன். லீட்ஸிலிருந்து எலெக்டிவ் வந்த வெள்ளைக்காரப் பெண், எனக்கு முன்பே அங்கே வந்து ஊன்றிக்கொண்டவள், மாடி அறைக்காரி. நான்காம் நாள் காலை கீழே இறங்கி வருகிறேன், அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஆறாவது இட்லியை மிளகாய்ப்பொடியில் புரட்டிக்கொண்டிருக்கிறாள்! "இது எப்படி உனக்கு மட்டும்?" என்றேன். அவள் ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம்: "காப்பி வேண்டுமா என்று கேட்டார்கள், சரி என்றேன், இதெல்லாம் வந்தது." கோமதி அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "அட பைத்தியாரி! காப்பின்னா வெறும் காப்பித் தண்ணியா? இட்லி, தோசை, பலகாரம் எல்லாஞ் சேந்துதான் காப்பி. நீ வேண்டாம் வேண்டாங்கவும் ஏதோ நேத்திக்கடன்னுல்லா நெனச்சேன்!" தமிழச்சி பட்டினி, வெள்ளைக்காரிக்கு ஆறு இட்லி. தமிழ்நாடுதானே, பாஷைப் பிரச்சினை கிடையாது.

ஹெலனைப் பற்றிக் குறை சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் அவள் மாடுபோல உழைப்பவள். புண் கட்டுவதிலிருந்து பிரசவம் வரை எதற்கும் முதலில் நிற்பாள். அவளிடம் எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான். எதைப் பார்த்தாலும் "இது என்னை மாற்றிவிட்டது" என்பாள். ஆற்றில் சூரியன் விழுவதைப் பார்த்து மாறினாள், தொழுநோய்ப் பிரிவைப் பார்த்து மாறினாள், பரோட்டா தட்டுவதைப் பார்த்தும் மாறினாள். ஒரு மாதத்தில் இத்தனை தடவை மாறினால் திரும்பிப் போகும்போது அவளைப் பெற்றவளுக்கு அடையாளம் தெரியுமா என்று எனக்குக் கவலை.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் திருச்செந்தூர் போனோம். போகும்போது பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதை ஹெலன் கூர்ந்து கவனித்துவிட்டு, திரும்பும்போது தன் தொப்பியை ஒரு ஜன்னலுக்குள் வீசினாள். செயல்முறை சரி, பஸ்தான் தவறு. தொப்பி தூத்துக்குடிக்குப் போய்விட்டது. அதற்கு முன்னால் கடற்கரையில் மொட்டை போட்ட குடும்பம் ஒன்று அவளைச் சூழ்ந்துகொண்டது. அந்த வீட்டு அம்மாள் என்னிடம், "இந்தப் புள்ளைக்கு ரத்தமே இல்ல போலுக்கே, இப்படி வெளுத்துக் கெடக்கு. முருங்கக்கீர குடுங்க" என்றார். என்ன சொல்கிறார் என்று ஹெலன் கேட்டாள். உன் நிறத்தை மெச்சுகிறார் என்று மொழிபெயர்த்தேன். அவள் அந்த அம்மாளைக் கட்டிப்பிடித்து நன்றி சொன்னாள். வழக்கம்போல் மாறினாள்.

இன்னொரு நாள் ராதாபுரம் பக்கம் முகாம். பச்சை வயலைப் பார்த்துப் பழகின கண்ணுக்கு அந்தச் செம்மண்ணும் பனையும் வேறு தேசம். தேரி என்கிற செம்மணல் மேட்டில் ஜீப் சிக்கிக்கொண்டது. தள்ளுவதற்கு வந்தவர்களே பிறகு வரிசையில் நோயாளிகளாக நின்றார்கள், ஜீப் தள்ளியதில் இடுப்பு பிடித்துக்கொண்டதாம். பதநீர் கொடுத்தார்கள். சுத்தமானதுதானா என்று ஹெலன் கேட்டாள், குடிக்கவில்லை. நான் பனையோலைப் பட்டையில் பிடித்து இரண்டு பட்டை குடித்தேன். அன்று மாலை வயிறு போனது ஹெலனுக்கு.

இப்படி உலகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது லண்டன் டாக்டர் வந்து இறங்கினார். ஊரெங்கும் "அறுவை சிகிச்சைச் சக்கரவர்த்தியே வருக" என்று சுவரொட்டி. பட்டியலில் முதல் பெயர் மைதீன். அவர் சந்தோஷத்தில் எனக்கும் ஹெலனுக்கும் ஆளுக்கொரு சோடா உடைத்துக் கொடுத்தார். "மெடிக்கல் முடிஞ்சதும் அங்கருந்தே பம்பாய்க்குப் போயிருவேன். இனிமே தமாம்ல வச்சுத்தான் டீ குடிப்பேன்."

அறுவைக்கு முந்தின மாலை, நோயாளிகளுக்கு அறிவுரை சொல்லும் பொறுப்பை லண்டன் டாக்டர் ஹெலனிடம் கொடுத்தார். தமிழிலேயே சொல்ல வேண்டும் என்று அவளுக்கு ஆசை. என்னிடம் வந்து கேட்டாள். நானும் பெருமையாக, நல்ல சுத்தமான தமிழில் மனப்பாடம் செய்துவைத்தேன்: "ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் சாப்பிடக் கூடாது. காலையிலும் சாப்பிடக் கூடாது." அவள் கட்டில் கட்டிலாகப் போய் ஒப்பித்தாள். நோயாளிகள் கை தட்டினார்கள்.

வழக்கமாக இதையெல்லாம் வார்டு நர்ஸுகள் பார்த்துக்கொள்வார்கள். அறுவை நாளன்று காலை அவர்கள் அத்தனை பேரும், லண்டன் டாக்டருக்குச் சாயங்காலம் நடக்கவிருந்த பாராட்டு விழாவுக்குப் பூரணகும்பம் ஒத்திகையில் இருந்தார்கள். பெரிய டாக்டரை மாவட்டக் கலெக்டரை அழைக்க அனுப்பியிருந்தார்கள். மயக்க மருந்து டாக்டர், கருவிகள், டிவி எல்லாம் லண்டன் டாக்டரோடு மெட்ராஸிலிருந்து வந்தவை. ஆக, அன்று அந்த அறுவை அரங்கில் தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர், மேஜைமேல் படுத்திருந்த மைதீன் ஒருவர்தான்.

ஹெலன் கடைசித் தடவையாகக் கேட்டாள்: "சாப்பிட்டீங்களா?"

"சாப்பிடலம்மா" என்றார் மைதீன். பிறகு, மறைப்பானேன் என்று நினைத்தாரோ என்னவோ, "காலைல காப்பி மட்டும் குடிச்சேன்" என்றார்.

காப்பி என்ற சொல் ஹெலனுக்குத் தெரியும், கோமதி அக்கா தமிழில் கொடுத்த விளக்கம்தான் அவளுக்குப் போய்ச் சேரவில்லை. பாலா என்று கேட்டாள். "பாலெல்லாம் இல்ல, கருப்பட்டிக் காப்பி." அவள் போய் ஆங்கிலத்தில் சொன்னாள். மயக்க மருந்து டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "பால் இல்லாத காப்பி தண்ணி மாதிரிதான். நேரமும் ஆயிடுச்சு, பரவாயில்லை" என்று ஊசியைக் கையில் எடுத்தார்.

கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அந்த மூன்று நாள் பட்டினி நெஞ்சில் வந்து மோதியது. ஓடிப்போய் மேஜை அருகில் நின்று, கோமதி அக்கா வீட்டில் பழகின ராகத்திலேயே கேட்டேன்: "மைதீன் அண்ணா, காப்பிக்கு என்ன?"

"இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும்" என்றார் அவர், முகம் மலர. "ஆப்பரேஷனுக்குத் தெம்பு வேணுமேன்னு எட்டு இடியாப்பம் வச்சா வீட்ல."

ஊசி நின்றது. முழு மயக்கத்தில் கிடக்கிற ஆளுக்கு வயிற்றில் இருப்பது தொண்டைக்கு ஏறி நுரையீரலுக்குள் போனால் பிழைப்பது கஷ்டம். எட்டு இடியாப்பமும் பாயாவும் போனால் என்ன ஆகும் என்று புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. மயக்க மருந்து டாக்டர் ஊசியைத் தட்டில் திரும்ப வைத்தார்.

"சாப்பிடக் கூடாதுன்னு சொன்னாங்களே!" என்றேன், பயத்தில் கத்தியே விட்டேன்.

"சாப்பாடுன்னா சோறுல்லா? காலைல யாரு சோறு திங்கா?" மைதீன் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "எங்க வீட்ல நாங்க பசியாறுதோம்னு சொல்லுவோம். இந்தப் புள்ளைக்கு வெளங்காதேன்னுதான் ஊர்ப் பொதுவா காப்பின்னேன்."

ஹெலன் அவருக்குப் புரியட்டும் என்று தமிழில் கேட்டாள். அவர் அவளுக்குப் புரியட்டும் என்று பொதுவில் சொன்னார். ஒருவருக்கொருவர் காட்டிய மரியாதையில் ஓர் உயிர் போக இருந்தது.

லண்டன் டாக்டர் கையுறையைக் கழற்றினார். "ஒழுங்கு இல்லை. இந்த நாட்டில் ஒழுங்கே இல்லை" என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார், ஏதோ இடியாப்பத்தைப் பிழிந்ததே நான்தான் என்பதுபோல. சாயங்காலத்துக்குள் வயிறு காலியாகிவிடும், அப்போது செய்யலாமே என்று கெஞ்சினேன். நாலு மணிக்குப் பாராட்டு விழா, மேடையிலிருந்து நேராக மதுரை விமானம். "அடுத்த வருஷம் முதல் கேஸ் இவர்தான். என் வாக்கு" என்றார். அடுத்த வருஷத்துக்குத் தமாம்காரன் காத்திருப்பானா என்று கேட்டேன். அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிடச் சொன்னார்.

சொன்னபடியே விழா நடந்தது. கலெக்டர் வந்தார். நர்ஸுகள் பூரணகும்பத்தைத் தப்பில்லாமல் ஏந்தினார்கள், ஒத்திகை வீண் போகவில்லை. "ஏழைகளின் குடலைக் காத்த கோமகன்" என்று ஒருவர் கவிதை வாசித்தார். பொன்னாடைகளுக்குள் லண்டன் டாக்டரின் மூக்கு மட்டும் தெரிந்தது. கடைசி வரிசையில் மைதீன் உட்கார்ந்திருந்தார், எல்லோரும் கை தட்டும்போது அவரும் தட்டினார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. சைக்கிள் கடை வழியாகப் போனால் டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழியைப் பார்த்துக்கொண்டிருப்பார், தலை நிமிராது. நான் அவர் உயிரைக் காப்பாற்றியதாக மருத்துவமனையில் எல்லோரும் பாராட்டினார்கள். எந்த உயிர் என்று அவரைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். மெட்ராஸ் பரிசோதனைக்குப் புடைப்போடுதான் போனார், போன வேகத்தில் திரும்பி வந்தார். அந்த விசாவில் பக்கத்து ஊரான ஏரல்காரர் ஒருவர் தமாம் போய்ச் சேர்ந்தார் என்று கோமதி அக்கா சொன்னார்.

ஹெலன் ஊருக்குக் கிளம்பும்போது அழுதாள். இந்த முறை மாறிவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. "நான் அவரிடம் இன்னொரு கேள்வி கேட்டிருக்க வேண்டும்" என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னாள். அன்றுதான் அவள்மேல் எனக்கு மரியாதை வந்தது. எங்கள் முதல்வரோ, எலெக்டிவில் கற்றதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். எடின்பரோ போனவன் இதய மாற்று அறுவையைப் பார்த்தானாம். நான் எட்டு இடியாப்பம் என்று எழுதினால் பாஸ் போடுவார்களா?

நான் கிளம்புவதற்கு முன்பு பெரிய டாக்டர் மைதீனைக் கூப்பிட்டனுப்பினார். "அரபு நாடு கைவிட்டுப் போனா என்ன, நாளைக்குக் குடல் சிக்கிக்கிட்டா ஆளே போயிருவான். வழக்கம்போலக் கீறித் தச்சிருவோம்" என்றார். மைதீன் வந்து படுத்தார். அறிவுரை சொல்ல நான் போனேன். இந்தத் தடவை என்னை யாரும் குறை சொல்லக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்தேன்.

"மைதீன் அண்ணா, நாளைக்குக் காலையில ஆப்பரேஷன். சோறு கூடாது. காப்பி குடிக்கக் கூடாது. பசியாறக் கூடாது. இட்லி, தோசை, இடியாப்பம், பாயா, ரொட்டி, வடை, முறுக்கு, டீ, மோர், சோடா, வாழைப்பழம், வெத்தலை..."

அவர் கையைக் காட்டி நிறுத்தினார். அத்தனை நாளைக்குப் பிறகு அன்றுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"என்னத்துக்குப் பலகாரக் கடை மாரி அடுக்குதிய? நோம்புன்னு ஒரு வார்த்த சொன்னாத் தீந்துச்சுல்லா. ஏழு வயசுலேருந்து பிடிக்கேன், எச்சி கூட முழுங்க மாட்டேன்."

பிறகு பையச் சொன்னார்: "அன்னைக்கே அதச் சொல்லிருந்தா, நான் இந்நேரம் தமாம்ல இருந்திருப்பேன் தங்கச்சி."